ஒரு வாளி சுடுதண்ணீர்

பண்டாரவளைக் குளிரின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். போயா விடுமுறைக்கு வந்து, பனிமூட்டத்துக்குள் நின்று படம் எடுத்து, எல்லவுக்கு ரயிலேறிப் போய்விடுகிறவர்களுக்கு இந்தக் குளிர் அழகுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,230 மீற்றர் உயரத்தில், ஜனவரி மாதத்து விடியற்காலையில், வெறும் சீமெந்துத் தரையில் நின்றுகொண்டு தாங்கித் தண்ணீரில் கை வைத்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். எங்கள் வீட்டில் குளிரின் பெயர் 'தண்ணி'. "இன்டைக்குத் தண்ணி எப்படி?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்போம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானியை ஒருநாள் இரவல் வாங்கிவந்து பார்த்தேன். 18 பாகை. உடம்புக்கு இதமான சூடு 40 பாகை. இடையில் இருக்கும் இந்த 22 பாகையை யார் கொடுப்பது, எதைக் கொண்டு கொடுப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நடந்த வழக்கு.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். வாப்பா, உம்மா, உம்மும்மா, நானா, நான். நான் சின்னவளாக இருக்கும்போதே குளியலறையில் ஒரு ஷவர் ஹீட்டர் பூட்டியாகிவிட்டது. சுவரோடு ஒட்டிய வெள்ளைப் பெட்டி. பொத்தானை அமத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அடுத்த நொடி சூடான தண்ணீர் வரும். அதற்கு முந்திய காலத்தை உம்மும்மா கதையாகச் சொல்லுவார். பின்வாசல் அடுப்பில் பித்தளை அண்டா, முதலில் ஆம்பிளைகளுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் அடியில் மிஞ்சியதற்குப் பச்சைத்தண்ணி கலந்து பெண்களுக்கு. கேட்கும்போது எனக்கு அது ஏதோ ராஜா காலத்துக் கதை மாதிரி இருந்தது.

2022இல் அந்த ராஜா காலம் திரும்பி வந்தது. அந்த வருடத்தை நமது வயதுப் பிள்ளைகள் யாரும் மறக்கமாட்டோம். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபா, அதுவும் கிடைத்தால். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அந்தப் பெப்ரவரிப் பட்டியல் வந்த இரவு வாப்பா கடையிலிருந்து திரும்பி, சாப்பிடாமலேயே குளியலறைக்குள் போனார். ஹீட்டரின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தார். "இனி விறகுதான். விறகு சும்மாதானே கிடைக்கிது" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கரண்ட் பில்லைப் பார்த்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருக்கவுமில்லை.

அடுத்த நாள் காலை நாலு மணிக்குப் பின்வாசலில் விறகு முறியும் சத்தம் கேட்டது. உம்மா.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் அலாரம் அந்தச் சத்தம்தான். சுபஹ் பாங்கு சொல்லுவதற்கு முன்னே உம்மும்மாவுக்கு வுழூ செய்யச் சூடான தண்ணீர் வேண்டும். அவருக்கு எழுபத்தாறு வயது, விரல் மூட்டுகளில் வாதம். பிறகு வாப்பா, நானா, நான். மழை நாளில் விறகு ஈரம். ஊதி ஊதி உம்மாவின் கண் சிவந்திருக்கும். இருமலும் அந்த வருடத்தோடுதான் வந்தது. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "வீட்டுல விறகு அடுப்பா?"

உயர்தரத்தில் நான் விஞ்ஞானப் பிரிவு. பௌதிகவியலில் வெப்பம் என்ற அலகு வந்தபோது, ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 4,200 யூல் வேண்டும் என்று மிஸ் கரும்பலகையில் எழுதினார். மற்றப் பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எங்கள் வீட்டு வாளி ஞாபகம் வந்தது. 20 லீற்றர் வாளி. 18இலிருந்து 40 வரைக்கும் 22 பாகை. பெருக்கினால் 18 இலட்சத்து 48 ஆயிரம் யூல். மின்பட்டியல் பாஷையில் சொன்னால் அரை அலகு. ஒரு ஆள் ஒரு தடவை குளிக்க அரை அலகு! இவ்வளவுதானா என்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாப்பாவிடம் சொல்லி டேப்பைக் கழற்றி, ஹீட்டரைப் பத்து நிமிடம் மட்டும் போட்டு மீற்றரைப் பார்த்தேன். 3.5 கிலோவாற் ஹீட்டர், பத்து நிமிடத்தில் 0.58 அலகு. கணக்கும் மீற்றரும் ஒன்றுதான் சொன்னன.

அப்படியானால் ஹீட்டரில் பிழை எங்கே? உண்மையில் அந்தப் பெட்டியில் பிழையே இல்லை. தனக்குள் வரும் மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதையும் அது தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. பதுளையில் எங்கள் மாமா வீட்டில் இருக்கும் கீசர் மாதிரி, ஆள் ஊரில் இல்லாத நாளிலும் 50 லீற்றரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு அது ஆற ஆறத் திரும்பச் சூடாக்கும் வேலை இதற்கு இல்லை. பிழை பெருக்கலில் இருக்கிறது. ஐந்து பேர், பத்துப் பத்து நிமிடம், முப்பது நாள்: 87 அலகு. விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் மேலே 87. நமது நாட்டுக் கட்டண முறையில் அலகுகள் ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறுமல்லவா? குளியல் தன் காசை மட்டும் கேட்கவில்லை, வீட்டிலிருக்கும் மற்ற அலகுகளையும் பிடித்து மேல்படிக்கு இழுத்துவிட்டது. (நானா பத்து நிமிடத்தில் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இன்னொரு பிழை எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் கடலுக்கும் காற்றுக்கும் போகிறது. அங்கே நெருப்பை மூட்டி, அந்தச் சூட்டில் இரண்டு பங்கை எறிந்து, எஞ்சியதை மின்சாரமாக்கி, கம்பியில் மலையேற்றி, பண்டாரவளைக் குளியலறையில் அதைத் திரும்பவும் சூடாக்குகிறோம். மின்சாரத்தால் ஒரு மேசைக் கணினியை ஓட்டலாம், ஒரு ஆஸ்பத்திரியை ஓட்டலாம். அதை வெறும் 40 பாகைச் சூட்டுக்குச் செலவழிப்பது, பொன் தராசில் விறகு நிறுக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. அதிலும் வாப்பாவும் நானாவும் வேலை முடிந்து வந்து குளிப்பது இரவு ஏழு, எட்டு மணிக்கு. மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை நாட்டில் மின்தேவை உச்சத்தில் நிற்கும் நேரம். மழை பொய்த்த காலங்களில் விலை கூடிய எண்ணெயை எரித்துச் சமாளிப்பதும் அந்த நேரத்தைத்தான்.

நீர் மின்சாரம் சுத்தமானதுதானே என்று கேட்கலாம். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இலேசில்லை. உமா ஓயாத் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு போனபோது, 2014இன் கடைசியில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு கொட்டத் தொடங்கியது. பண்டாரவளைப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் ஊரே வீதியில் இறங்கியது. கடைகள் எல்லாம் பூட்டியிருந்த அந்த நாளில் நான் நான்காம் ஆண்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோஷம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரயீசி வந்து அதைத் திறந்துவைத்தார். 120 மெகாவாற். நாட்டுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு அலகு மின்சாரத்துக்கு எங்கேயோ ஒரு கிணறு விலை கொடுத்திருக்கலாம் என்று தெரிந்த ஊர் இது. சுடுதண்ணீரில் சூடு பாதி என்றால் தண்ணீர் மறுபாதி.

அந்தத் தண்ணீர்ப் பாதியை எனக்கு எடுத்துக் காட்டியவர் உம்மும்மா. நான் வாளிக் கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தஸ்பீஹை உருட்டிக்கொண்டே கேட்டார்: "ரஸூலுல்லாஹ் எத்தன வாளில குளிச்சாங்க எண்டு ஒங்கட புத்தகத்துல ஈக்கா?" இஸ்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கத்தான் செய்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான தண்ணீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. முத்து என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஏறக்குறைய முக்கால் லீற்றர் என்று வைத்தால், குளிப்புக்கு மூன்று நாலு லீற்றர். எங்கள் வாளியில் ஐந்தில் ஒரு பங்கு! பாலைவனத்துக் கணக்கு பண்டாரவளைக்கு ஒத்துவருமா என்று நானா சிரித்தார். முழுவதும் ஒத்துவராது, எண்ணெய் வைத்த பெண்பிள்ளைத் தலைமுடி மூன்று லீற்றரில் அலசுப்படாது. ஆனாலும் அன்றிலிருந்து நான் வாளியை விளிம்பு வரை நிரப்புவதில்லை. 14 லீற்றரில் ஒரு கோடு கீறியிருக்கிறேன். தண்ணீரைக் குறைத்தால் அதே பங்குக்குச் சூடும் குறைகிறது. எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லாத முதல் மிச்சம் இது.

இனி விறகுக் கணக்கு. வாப்பா சொன்னது மாதிரி அது சும்மா கிடைக்கிறதா என்று பார்ப்போம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 150 இலட்சம் யூல் இருக்கிறது. ஆனால் மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனாலே பெரிய காரியம். மிச்சமெல்லாம் புகைக்கும் சுவருக்கும் பின்வாசல் காற்றுக்கும். வாளிக்கு ஒன்றேகால் கிலோ விறகு, ஐந்து பேருக்கு நாளுக்கு ஆறு கிலோ, மாதம் 180 கிலோ. கேஸில் செய்தால் திறன் கூடத்தான், பாதிச் சூடாவது தண்ணீருக்குப் போகும். ஆனாலும் முழுச் சிலிண்டர் ஒன்று குளிப்புக்கு மட்டுமே ஒரு மாதத்தில் காலியாகிவிடும்.

எங்களுக்கு விறகு கொண்டுவருவது பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு அக்கா. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறு. தேயிலைச் செடியின் முறுகிய கொப்புகள், கைக்குள் அடங்காத முடிச்சுகள். நின்று எரியும், நல்ல சூடு. கட்டாகக் கட்டித் தலையில் வைத்து ஒன்றரைக் கிலோமீற்றர் இறக்கம் இறங்கி வருவார். ஒரு கட்டுக்கு உம்மா கொடுக்கும் காசையும், அதோடு ஒரு பிளேன்டியும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ஆகவே விறகு சும்மா கிடைக்கவில்லை. கரண்ட் பில் மாதிரி அச்சடித்து வராததால் வாப்பாவின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஒரு மாதம் முழுக்க நான் கட்டிலில் கிடந்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். உம்மா எழும்பி விறகு முறிப்பதிலிருந்து கடைசி வாளியைத் தூக்கிக் குளியலறைக்குள் வைப்பது வரைக்கும் குறைந்தது ஐம்பது நிமிடம். முப்பது நாளுக்கு 25 மணித்தியாலம். மாதத்தில் ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும், அதற்கு மேலே ஒரு மணித்தியாலமும் உம்மா அந்தப் புகைக்குள் குந்தியிருக்கிறார். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாலில் மூன்று வீட்டுக்கு மேல் விறகில்தான் சமைத்தார்கள். இந்தப் பெரிய எண்களை விட எனக்கு அந்த 25தான் கனத்தது.

கொப்பியைக் கொண்டுபோய் வாப்பாவிடம் காட்டினேன். அவர் கடைக் கணக்குப் பார்க்கும் மனிதர், எண்களைப் பார்த்தால் பேசாமல் இருக்கமாட்டார். மின் அலகு, விறகுக் கட்டு எல்லாவற்றையும் விரலால் தடவிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நிறுத்தினார். "இதென்ன, உம்மாட நித்திர?" என்றார். "ஓம் வாப்பா, அதயும் சேத்தாத்தானே கணக்கு சரி வரும்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப ஹீட்டரப் போடச் சொல்லுங்க" என்றார். குசினிக்குள்ளிருந்து உம்மாவே வேண்டாம் என்றார். பில்லைப் பற்றிய பயம் வாப்பாவை விட உம்மாவுக்குத்தான் அதிகம். மாதச் செலவுக் காசு அவரிடம்தானே இருக்கிறது.

கூரையில் பூட்டும் சூரிய நீர்சூடாக்கி பற்றிய பேச்சு அந்த இரவில்தான் ஆரம்பித்தது. பெயர் புதிது மாதிரித் தெரிந்தாலும் சங்கதி பழையது. 1891இலேயே அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்புப் பூசிய தண்ணீர்த் தாங்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் காயவிட்டு, 'கிளைமேக்ஸ்' என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார். இன்றைக்குச் சைப்பிரஸ் தீவில் பெரும்பாலான வீடுகளின் கூரையில் சூரிய நீர்சூடாக்கி இருக்கிறது. இப்போது நமது கடைகளில் அதிகம் கிடைப்பது கண்ணாடிக் குழாய் வகை. ஒவ்வொரு குழாயும் இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், உட்சுவரில் கறுப்புப் பூச்சு. பிளேன்டி ஊற்றி வைக்கும் பிளாஸ்க்கின் அதே யுக்திதான். வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது. குழாய்க்குள் சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலேயுள்ள தாங்கிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மேற்காவுகை என்று பரீட்சைக்குப் பாடமாக்கிய சொல் எங்கள் கூரையில் ஓடும். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். இரண்டு சதுர மீற்றர் வெயில் நல்ல நாளில் 150 லீற்றரை 45 பாகை வரை கொண்டுவரும். அது ஐந்து பேருக்குத் தாராளம்.

குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்த மாதிரி, வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பப் பம்பிகளும் இருக்கின்றன. ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகுச் சூடு. விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

சூரியச் சூடாக்கியின் விலையும் இலேசில்லை. வாப்பா ஒரு பெருமூச்சோடு "பெருநாளைக்குப் பொறகு பாப்போம்" என்றார். எந்தப் பெருநாள் என்று சொல்லவில்லை. கடைசியில் காசு வந்தது உம்மாவின் சீட்டிலிருந்து. இரண்டு வளையல் மாற்றுவதற்காகக் கட்டிவந்த சீட்டு. "வளையல் போட்ட கையாலயும் விறகுதானே முறிக்கணும்" என்று சொல்லிவிட்டு வாப்பாவின் முன்னால் காசை வைத்தார். மிச்சத்தை வாப்பா போட்டார். பூட்ட வந்தவர்கள்தான், தண்ணீர்த் தாங்கி சூடாக்கியை விட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது என்றார்கள். தாங்கிக்கு இரும்புக் கால் அடிக்க இன்னொரு செலவு. குசினிக் கூரை தெற்குப் பார்த்து இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வாங்க நினைக்கிற தோழிகளுக்கு, விளம்பரத்தில் சொல்லாத இரண்டொரு விஷயத்தைச் சொல்லிவைக்கிறேன். கூரையிலிருந்து குளியலறைக்கு வரும் குழாயில் நின்ற ஒன்றரை லீற்றர் பச்சைத்தண்ணி முதலில் வரும். அதை ஓடவிட்டால் வெயிலில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் இழந்துவிடுவோம். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு சின்ன வாளி. அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவப் போகும். குழாயைப் பழைய கம்பளித் துண்டால் சுற்றியிருக்கிறோம், பார்க்க அழகில்லை, சூடு நிற்கிறது. அடுத்தது, நல்ல வெயிலில் தண்ணீர் தோல் சுடும் அளவுக்குப் போகும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலில் பச்சைத்தண்ணியைத் திறந்துவிட்டுத்தான் சுடுதண்ணியைத் திறக்க வேண்டும். தண்ணீருக்குள் போடும் கம்பிச்சுருள் ஹீட்டர்களைப் பற்றி நான் ஒன்றும் சிபாரிசு செய்யப் போவதில்லை. ஈரக் கையும் அதுவும் சேரும் இடத்தில் நிற்கப் பயம்.

முக்கியமான மாற்றம் குழாயில் இல்லை, நேரத்தில். விறகுக்கும் கரண்டுக்கும் நேரம் காலம் இல்லை, வெயிலுக்கு உண்டு. தண்ணீர் நன்றாகச் சூடேறி நிற்பது பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு. ஆகவே எங்கள் வீட்டுக் குளிப்பு காலையிலிருந்து அஸருக்கு மாறிவிட்டது. நான் வகுப்பு முடிந்து வந்ததும் குளிக்கிறேன். வாப்பாவும் நானாவும் கடையிலிருந்து வந்த பிறகு. தாங்கியைச் சுற்றித் தடித்த பஞ்சுறை இருப்பதால் சுபஹுக்கும் இளஞ்சூடு மிஞ்சும், உம்மும்மாவின் வுழூவுக்கு அது போதும். முதல் வாரத்தில் ஒருநாள் லுஹருக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அரை நாளில் வந்தேன். குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். "குளிக்கிறேன் மகள்" என்று உம்மாவின் குரல். வெயில் நல்ல உச்சத்தில் இருந்தது. கலக்காத சுடுதண்ணி, மிச்சம் இல்லாத முதல் தண்ணி. அரை மணித்தியாலம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

இனி மழைக் கதை. ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெரிய மழை. ஒக்டோபரில் மப்புப் போட்டால் ஜனவரி வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். நாலு நாள் தொடர்ந்து சூரியனைக் காணாவிட்டால் தாங்கித் தண்ணீர் 26 பாகைக்கு இறங்கிவிடும். தாங்கிக்குள் மின்கம்பி ஒன்றும் பூட்டியிருக்கிறார்கள், சுவிட்சைப் போட்டால் 150 லீற்றரும் சூடாகும். நான் போடவிடுவதில்லை. தேவை இரண்டு வாளியாக இருக்கும்போது எதற்கு முழுத் தாங்கியும்? 26 பாகைத் தண்ணீரை வாளியில் பிடித்து, மின்கேத்தலில் கொதித்ததைக் கலந்தால் வாளிக்கு மூன்றில் ஒரு அலகு போதும். தாங்கிக் கம்பியின் சுவிட்சில் இப்போது ஒரு கறுப்பு டேப். ஒட்டியது வாப்பா இல்லை, நான்.

மின்கட்டணம் 2024 ஜூலையில் குறைந்தது, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் திரும்ப ஏறியது. முன்பெல்லாம் இந்தச் செய்தி வந்தால் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியின் முன்னால் கூடுவோம். இந்த முறை உம்மா குசினியை விட்டு வரவே இல்லை.

ஆனால் மிலாறு அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். வாரத்துக்கு ஐந்து கட்டு வாங்கிய வீடு இப்போது ஒரு கட்டு வாங்குகிறது, சோறு ஆக்கவும் கந்தூரிச் சட்டி வைக்கவும். எங்கள் மிச்சம் அவருக்கு நட்டம். இந்தக் கணக்கை எந்தக் கொப்பியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 1980களிலிருந்து நமது நாட்டில் செய்துவரும் அனகி அடுப்பு ஒன்றை உம்மா அவருக்கு வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாய் வைத்த களிமண் அடுப்பு, திறந்த அடுப்பை விட விறகு குறைவாக எடுக்கும், புகையும் குறைவு. "நல்லாத்தான் எரியுது" என்றார்.

போன நவம்பரில் ஒரு பின்னேரம் கட்டை இறக்கிவைத்துவிட்டுப் பின்வாசல் குழாயில் கால் கழுவினார். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. நான் கூரையிலிருந்து வரும் குழாயைத் திறந்துவிட்டேன். முந்தின நாள் வெயில் பட்ட தண்ணீர், கொஞ்சம் சூடு இருந்தது. கையை அதில் வைத்துக்கொண்டே கூரையைப் பார்த்தார்.

"இது மழைக்கும் வருமா தங்கச்சி?"

"தொடந்து மழ பேஞ்சா வராது அக்கா. வெயில் வேணும்."

"எங்களுக்கு மழ நாள்லதானே சுடுதண்ணி வேணும்" என்றார். காலைத் துடைத்துக்கொண்டு, வெறுங்கட்டுக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினார். உம்மா ஒரு பழைய கேனில் கேத்தலால் இரண்டு முறை கொதித்த தண்ணீரை நிரப்பி, துணி சுற்றிக் கொடுத்தார். அவர் லயத்துக்குப் போய்ச் சேரும்போது அது எத்தனை பாகையில் இருக்கும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மழை தூறத் தொடங்கியிருந்தது.